பூட்டிய அறையும் நாலு மூடை விதைநெல்லும்

பிறகென்ன, அந்த இன்ஸ்பெக்டர் பெண்சாதி போகும்போது முயல்கள் பத்தையும் கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவை தின்று வைத்த குளியலறைக் கதவை மட்டும் எனக்கு விட்டுவிட்டுப் போனாள். முயல் கதவைத் தின்னும் என்று எனக்கு யார் சொன்னது வனிதா? எத்தனை பிள்ளை, எந்த ஊர், முன்பு எந்த வீட்டில் இருந்தீர்கள் என்று எல்லாம் கேட்டேன். முயல் வளர்க்கிறீர்களா என்று கேட்கவில்லை. வீட்டுக்காரர் கனடாவிலிருந்து வந்து கதவின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, இது கறையானா என்று என்னைக் கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். கறையான் என்றால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எவ்வளவு நேரம் கேட்பாய்? கடப்பைத் திறந்துகொண்டு வா. பாயை மிதிக்காமல் சுற்றி வா, நெல் காய்கிறது. இந்தப் பலகையில் இரு.

நீ எதற்கு வந்தாய் என்று எனக்குத் தெரியும். இனி இந்த வேலை உனக்கு என்று போன கிழமை நான் தந்த சாவிக்கொத்தில் ஒரு திறப்புக் குறைகிறது. வாவிக்கரையில் இருக்கிற ராஜி வீட்டின் முன்கதவுத் திறப்பு இருக்கிறது, குசினித் திறப்பு இருக்கிறது, அந்தப் பூட்டிய அறையின் திறப்பு இல்லை. கிழவிக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்திருப்பாய். மறக்கவில்லை. அது என்னிடம் இல்லை. எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். ஆனால் முழுக் கதையையும் கேட்டால்தான் அது அங்கே இருப்பது சரி என்று உனக்குப் படும். இல்லையென்றால் நாளைக்கே போய் எடுத்து உன் இடுப்பில் முடிந்துகொள்வாய்.

இருபத்தாறு வருடம் இந்த வேலை செய்தேன். வெளிநாட்டில் இருக்கிறவர்களின் வீட்டுக்கு வாடகை ஆள் பிடிப்பது, வந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பது, அவர்கள் போனபின் சுவரைப் பார்ப்பது. எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது என்று உனக்குத் தெரியும்தானே. ஒப்பந்தப் பத்திரத்தை என் பேத்தி வாசித்துச் சொல்லுவாள், நான் தலையை ஆட்டுவேன். அடையாள அட்டையில் போட்டோவை மட்டும் பார்ப்பேன், முகம் ஒத்திருக்கிறதா என்று. யாருடைய முகமும் ஒத்திருந்ததில்லை.

அப்படியென்றால் ஆளை எப்படிப் பிடிப்பது என்று கேட்கிறாய். இதை எனக்குக் காட்டித்தந்தது ஆறு வீடு வைத்திருந்த ஓர் அம்மா. அவருடைய வீடுகளில் வளவு கூட்டிப் பெருக்கப் போனவள்தான் நான். யாராவது வீடு கேட்டு வந்தால் அந்த அம்மா ஒன்றும் விசாரிக்கமாட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிடுவார். இரண்டு நாள் கழித்து, அவர்கள் அப்போது இருக்கிற வீட்டுக்குச் சொல்லாமல் போய், தாகமாக இருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று கிணற்றடிக்கே போய்விடுவார். வாளி கவிழ்த்து வைத்திருக்கிறதா, கயிறு சுருட்டி வைத்திருக்கிறதா, இல்லை மண்ணில் கிடக்கிறதா. அவ்வளவுதான் பார்ப்பார். தனக்குப் பிறகு தண்ணீர் அள்ள வருகிறவரை நினைக்கிற ஆளா இல்லையா என்பது அதிலேயே தெரியும் என்பார். அவருடைய ஆறு வீட்டிலும் ஒரு சண்டை வந்ததை நான் காணவில்லை.

இப்போது எல்லா இடத்திலும் மோட்டர். பட்டனை அமர்த்துகிற விரலில் நான் எந்தக் குணத்தைப் பார்ப்பது? அதனால்தான் முயல்காரியிடம் ஏமாந்தேன்.

சரி, அறைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் வீடு என்றால் அது மகளுக்கு. நீயும் உன் அம்மாவின் வீட்டில்தான் இருக்கிறாய். குவைத்துக்கும் கட்டாருக்கும் போகிற பெண்கள் முதலில் கல் வாங்குவார்கள், பிறகு ஓடு, பிறகு கதவு. வீடு முடிந்தால் அதை வாடகைக்குக் கொடுத்துவிட்டு ஓர் அறையை மட்டும் பூட்டி வைப்பார்கள். லீவில் வரும்போதெல்லாம் மகளுக்கென்று கொண்டு வருகிறதை அந்த அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். அப்படி எத்தனையோ அறைகளின் திறப்பு என் இடுப்பில் இருந்திருக்கிறது. குடியிருக்கிறவர்கள் அந்தக் கதவைத் தாண்டிக் குசினிக்குப் போவார்கள், வருவார்கள், திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நானும் திறக்கமாட்டேன்.

ஒரே ஒரு தடவை திறந்தேன். பல வருடத்துக்கு முன்பு, கந்தோரில் உத்தியோகம் பார்க்கிற ஒருவரும் மனைவியும் இருந்த வீடு. நல்ல மனுசர். கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், உள்ளே இருக்கிற கட்டிலை இரண்டு நாளைக்குத் தாருங்கள் என்று அந்த மனைவி கேட்டாள். திறந்து கொடுத்தேன். கட்டில் இரண்டு நாளில் திரும்பி உள்ளே போனது, ஒரு கீறல் இல்லை. வீட்டுக்காரி டுபாயிலிருந்து வந்தாள், அறையைத் திறந்தாள், அலுமாரியைத் திறந்தாள், மகளுக்கு எடுத்து வைத்த கூறைச்சேலையைக் கையில் எடுத்தாள். கரையை விரலால் தடவிப் பார்த்தாள்.

“மடிப்பு மாறி இருக்கு” என்றாள்.

ஒன்றும் களவு போகவில்லை. யாரோ ஒருத்தி எடுத்து, ஆசைக்கு ஒரு தடவை மேலே போட்டுப் பார்த்துவிட்டு, திரும்ப மடித்து வைத்திருக்கிறாள். அந்தத் தாய் பாலைவனத்தில் உழைத்து வாங்கித் தன் கையால் மடித்த மடிப்பு அது. அவள் திறப்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள், ஏசவுமில்லை. அன்றைக்குச் சத்தியம் பண்ணினேன், வீட்டுக்காரி சொல்லாமல் இனி எந்தப் பூட்டிய அறையையும் திறப்பதில்லை என்று. வனிதா, இதை நினைவில் வை. இந்தச் சத்தியம்தான் பிறகு என்னைப் பிழையான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

ராஜி குவைத்தில் ஒரு வீட்டில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறாள். மகள் விடுதியில் இருந்து படிக்கிறாள். அந்த அறையில் இருக்கிறதுதான் ராஜியின் ஒன்பது வருடம். அலுமாரி, தையல் மெசின், பொலித்தீன் பிரிக்காத மெத்தை, குத்துவிளக்கு ஒரு சோடி, அலுமாரிக்குள் சேலைகள். என்னை மாமி என்றுதான் கூப்பிடுவாள். திறப்பைத் தரும்போது என் விரல்களைத் தானே மூடிவிட்டுப் போனாள்.

அந்த வீட்டுக்குத்தான் குணமும் மலரும் வந்தார்கள். வாவிக்கு அந்தப் பக்கம், சூரியன் படுகிற படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கும் உள்ளே வெள்ளாமை செய்கிறவர்கள். புருசன் பெண்சாதி, பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு மகள். நான் வழக்கம்போல இரண்டு நாள் கழித்து அவர்களுடைய வீட்டைப் பார்க்கப் போனேன். பஸ்ஸில் போய், இறங்கி, வயல் வட்டை வரம்பால் நடந்து, கால் எல்லாம் சேறு. அங்கே வாளியைப் பார்க்கலாம் என்று போனால் குசினியே இல்லை. ஒரு பக்கச் சுவர் வெளியே இடிந்து கிடந்தது, அடுப்பு வெயிலில் இருந்தது. நெல் இருக்கிற வீட்டை யானை மணத்திலேயே பிடிக்குமாம். சுவரை நெற்றியால் தள்ளி, தும்பிக்கையை உள்ளே விட்டு, மூடையை இழுத்துக்கொண்டு போகுமாம். மலர் அதை ஏதோ பக்கத்து வீட்டு மாடு வந்து வாழையைத் தின்றது போலச் சொன்னாள். அந்த ஓட்டைக்குள்ளால் நான் வயலைப் பார்த்தேன், வயல் முடிகிற தொங்கலில் காடு தெரிந்தது.

வாளி கவிழ்த்துத்தான் இருந்தது. கயிறும் சுருட்டித்தான் இருந்தது. ஆனால் மலர் ஒன்று கேட்டாள்: விதைநெல் நாலு மூடையையும் கொண்டுவந்து வீட்டுக்குள் வைக்கலாமா என்று. முதல் விதைப்பு மழையில் அழிந்தால் திரும்ப விதைக்க வேண்டும், அதற்கென்று எடுத்து வைத்தது. எனக்குப் பிடிக்கவில்லை. வாடகை வீட்டுக்குள் நெல் வந்தால் எலி வரும், எலி வந்தால் வயர் போகும். அப்படியே சொன்னேன்.

“எலியை நாங்க பாத்துக்குவம் பெரியம்மா. யானையை நாங்க என்ன செய்யிற?” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் பிறகு மறுக்க முடியாது, உனக்குத் தெரியும்தானே.

வீட்டைக் காட்டின அன்றைக்கு இன்னொன்று நடந்தது. மற்ற ஆட்கள் வந்தால் பல்ப் எரிகிறதா, தண்ணீர் வருகிறதா, போனுக்குச் சிக்னல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குணம் நடு அறையில் குந்தியிருந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தரையை ஒரு தொங்கலிலிருந்து மற்றத் தொங்கல் வரைக்கும் பார்த்தார். பிறகு பூட்டிய அறையின் கதவடியில் உள்ளங்கையை வைத்தார். அந்த அறைதான் தாழ்வு, வெள்ளம் வந்தால் முதலில் அதற்குள்தான் போகும், உள்ளே இருக்கிற சாமான்களை உயர்த்தி வைத்தால் நல்லது என்றார். எனக்குள் மணி அடித்தது. வந்த முதல் நாளே பூட்டிய அறையைத் திறக்க வழி தேடுகிறாரே என்று நினைத்தேன். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்று முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் எழும்பிக் கையைத் தட்டிவிட்டு அங்கால போய்விட்டார். மறுகா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் அவரைப் பற்றிப் பேத்தியிடம் இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த மாரிக்கு வந்த மழையை நீயும் கண்டாய். வாவி நிரம்பினால் முகத்துவாரத்தில் மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்குள் விட்டால்தான் எங்கள் பக்கம் வடியும். அதற்குள் கிழக்கிலும் மழை, மேற்கே மலையிலிருந்து வருகிற தண்ணீரும் எங்களுக்குத்தான். ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சோறு போட்டுக்கொண்டு இருக்கிறேன், குணம் எனக்குப் போன் எடுத்தார்.

“பெரியம்மா, தண்ணி குசினிக்குள்ள ஏறிட்டு. பூட்டின அறைத் திறப்பக் குடுத்தனுப்ப ஏலுமா?”

“ஆரிட்டக் குடுத்தனுப்புற தம்பி? இஞ்சயிருந்து அங்க வர ரோட்டே இல்ல.”

“அப்ப பூட்ட உடைக்கட்டா? சாமானத் தூக்கி மேசையில, கட்டில்ல வைக்கலாம்.”

போனுக்குள் தண்ணீர்ச் சத்தம் கேட்டது, அவர் நடக்கிற சத்தம். என் கண்ணுக்கு முன்னால் அந்த டுபாய்க்காரி நின்றாள், கையில் சேலையோடு. ராஜியிடம் கேட்கலாம் என்றால் அவள் வேலை செய்கிற வீட்டில் வெள்ளிக்கிழமைதான் போன் கையில் கொடுப்பார்கள். அன்றைக்குச் செவ்வாய்.

“வேணாம் தம்பி. ராஜியக் கேக்காம அந்தக் கதவத் திறக்க ஏலாது” என்றேன்.

“சரி பெரியம்மா” என்றார். அவ்வளவுதான். வற்புறுத்தவில்லை, கோபிக்கவில்லை. போன் நின்றுவிட்டது. பிறகு அவருடைய போனும் வேலை செய்யவில்லை.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ஒரு மனம் சொல்லியது, உடைத்திருப்பார்கள் என்று. இன்னொரு மனம் சொல்லியது, உடைத்தால் நல்லதுதானே, ராஜியின் சாமான் தப்பும் என்று. பிறகு முதல் மனம் திரும்ப வந்து, அப்படியென்றால் நீயே உடைக்கச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டது. உடைத்தால் அவர்கள் மேல் பழி, உடைக்காவிட்டால் என் மேல் பழி, தண்ணீருக்கு ஒரு பழியும் இல்லை. இரண்டு நாள் அப்படி இருந்தேன். பேத்தி என்னைப் பார்த்து, பெத்தா, நீங்கள் திறப்பைப் பிடித்துக்கொண்டே நித்திரை கொள்கிறீர்கள் என்றாள்.

முகத்துவாரம் வெட்டினார்கள். வியாழன் காலையில் தண்ணீர் ஓரடி இறங்கியதும் ஒரு மீன்காரத் தம்பியின் தோணியைக் கேட்டு ஏறிக்கொண்டேன். வீதிக்கு மேலே தோணியில் போவது எப்படி இருக்கும் தெரியுமா? கடைப் பலகைக்குக் கை எட்டுகிறது. கோயில் மணிக்குப் பக்கத்தில் போகிறோம். ஒரு நாய் மதிலின் மேல் இருந்து எங்களை ஏதோ தெரிந்த ஆட்களைப் பார்ப்பது போலப் பார்த்தது. வழி முழுக்க நான் குணத்திடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் படித்துக்கொண்டு போனேன். பூட்டு உடைந்திருந்தால் சொல்லவும் ஒரு பேச்சு வைத்திருந்தேன், சாமான் நனைந்திருந்தால் சொல்லவும் ஒன்று வைத்திருந்தேன். இரண்டும் அவர்கள்தான் பிழை என்று முடிகிற பேச்சு.

வீட்டுக்குள் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. சுவரில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே சேற்றுக்கோடு. மலர் மேசைக்கு மேல் அடுப்பை வைத்துத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு இருந்தாள். மகளை ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அவர்களுடைய பாய், துணி, பிள்ளையின் புத்தகம் எல்லாம் கயிற்றில் தொங்கின. நான் ஒருவரையும் பார்க்காமல் நேராக அந்த அறைக்குப் போனேன்.

பூட்டு இருந்தபடி தொங்கியது.

கதவுக்கு முன்னால் வரம்பு கட்டியிருந்தது. வனிதா, சும்மா பேச்சுக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதே, உண்மையான வரம்பு. வயலில் தண்ணீர் மறிக்க எப்படிக் கட்டுவார்களோ அப்படி. கீழே இரண்டு மூடை, மேலே இரண்டு மூடை, மூலையில் மூலை ஏறி உட்கார்ந்திருந்தது. இடுக்குக்குள், தண்ணீருக்கடியில் கையால் தோண்டிய களி மண்ணும் கிழிந்த சேலையும் அடைத்து, மேலே குடத்து அடியால் தட்டி அழுத்தியிருந்தார்கள். மழையில் எல்லா இடமும் தண்ணீர், மணல் எங்கே அள்ளுவது, மண் எங்கே வெட்டுவது? வீட்டுக்குள் கனமாக இருந்தது அந்த நாலு மூடை விதைநெல் மட்டும்தான். அறை கழுவினால் தண்ணீர் போக வெளிச்சுவரில் ஓர் ஓட்டை இருக்கிறதல்லவா, அதையும் குணம் நெஞ்சளவு தண்ணீரில் வெளியே போய் நின்று, மூழ்கி, களியால் அடைத்திருக்கிறார். இரண்டு நாளும் ஒருவர் மாறி ஒருவர் அந்த வரம்படியில் இருந்து, கசிகிற இடத்துக்குச் சேலை கிழித்துக் கிழித்து வைத்திருக்கிறார்கள். மலரின் சேலைகளில் மிஞ்சியது அவள் உடுத்தியிருந்ததும் இன்னொன்றும்தான்.

நான் குனிந்து சாக்கில் கை வைத்தேன். சூடாக இருந்தது. நெல் முளைக்கும்போது சூடு வரும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கையை எடுத்துவிட்டேன், ஏதோ உயிர் உள்ள ஒன்றின் வயிற்றைத் தொட்ட மாதிரி. சணல் சாக்கின் கண்ணுக்குக் கண் வெள்ளை வெள்ளையாய் முளை வெளியே வந்திருந்தது. ஒன்றிரண்டில் முளை நகமளவுக்கு நீண்டிருந்தது. பூட்டிய கதவுக்கு முன்னால், வீட்டுக்குள், வயல் ஒன்று முளைத்திருக்கிறது. இவ்வளவு வயதுக்கு நான் கண்ட அதிசயம் அதுதான். சாமி வீதி வலம் வருவதையும் கண்டிருக்கிறேன், கடல் ஊருக்குள் வந்ததையும் கண்டிருக்கிறேன். அவை எல்லாம் பெரியவை. இது என் முழங்கால் உயரத்தில் இருந்தது.

படித்து வைத்த இரண்டு பேச்சும் போய்விட்டன. இப்படி ஏன் செய்தீர்கள், விதைநெல் அல்லவா என்று கேட்க மட்டும்தான் முடிந்தது. குணம் நான் ஏதோ விளங்காமல் கேட்கிறேன் என்பது போல என்னைப் பார்த்தார்.

“திறக்க வேணாம் எண்டுதானே சொன்னீங்க பெரியம்மா. தண்ணிய உள்ள விடச் சொல்லலியே.”

மலர் தேத்தண்ணியைத் தந்து, தொட்டுக் குடிக்க உள்ளங்கையில் சீனியும் வைத்தாள். நான் சீனியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன், அது கரைந்து விரலுக்குள்ளால் வடியும் வரைக்கும்.

வெள்ளிக்கிழமை ராஜி போன் எடுத்தாள். பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய் வீடியோவில் காட்டினேன். ராஜி திறக்கச் சொன்னாள், குணம் மூடைகளை நகர்த்தினார், நான் திறந்தேன். கதவடியில் ஒரு சாண் அளவுக்கு ஈரம். அவ்வளவுதான். அலுமாரி காய்ந்திருந்தது, மெசின் காய்ந்திருந்தது, மெத்தையின் பொலித்தீனில் தூசு அப்படியே இருந்தது. நான் பேத்தியிடம் சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாகக் காட்டினேன். ராஜி பார்த்தமாதிரி இல்லை.

“கதவடியக் காட்டுங்க மாமி. அது என்ன வெள்ளையாக் கிடக்கு?”

“நெல்லு மகள். முளைச்சிருக்கு.”

லைன் போய்விட்டது என்று பேத்தி போனைத் தட்டிப் பார்த்தாள். போகவில்லை. ராஜியின் முகம் இருந்தது, ஒரு சமையலறைக்குள், பின்னால் பெரிய பெரிய அலுமாரிகள், எல்லாம் வேறு யாருடையதோ.

“ஒம்பது வருசமா நானும் ஒரு வீட்டில இருக்கன் மாமி. இவங்கட சாமானுக்கு நான் இப்பிடி ஒண்டு செய்வனா எண்டு யோசிக்கிறன்” என்றாள். பிறகு, “திறப்ப அவங்களிட்டயே குடுத்திடுங்க” என்றாள்.

எத்தனையோ வருடம் இடுப்பில் கிடந்த திறப்பு. அவிழ்க்க முடிச்சு இறுகிப்போய் இருந்தது, பல்லால் அவிழ்த்தேன். மலரிடம் நீட்டினால் அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டு போய்விட்டாள்.

“வேணாம் பெரியம்மா. கையில இருந்தா ஒரு நாளைக்கு உள்ள என்ன இருக்கு எண்டு பாக்கத் தோணும். நாங்களும் மனுசர்தானே.”

நான் குணத்தைப் பார்த்தேன். அவரும் வாங்கவில்லை. எனக்கோ அதைத் திரும்ப இடுப்பில் முடிய மனம் இல்லை. அந்தத் திறப்பைப் பிடித்துக்கொண்டு இருந்ததால்தானே இந்த நெல் போனது. கடைசியில் குணம் ஓர் ஆணி எடுத்துக் கதவு நிலையில் அடித்தார், பூட்டுக்கு மேலே, கை எட்டுகிற உயரத்தில். நான் திறப்பை அதில் கொழுவினேன். இன்றைக்கும் அது அந்த ஆணியில்தான் இருக்கிறது வனிதா. பூட்டுப் பூட்டியபடி, திறப்பு அதற்கு மேலே. போய்வருகிற எல்லோருக்கும் தெரிகிறது. ஒருவரும் தொட்டதில்லை. தூசு பிடித்திருக்கிறது, நான் போகும்போது ஊதிவிடுவேன். நீயும் ஊதிவிடு, எடுக்காதே.

இப்போது கேள். என்னை எல்லோரும் புகழ்ந்தார்கள், நல்ல ஆட்களைத் தேடிப் பிடித்திருக்கிறாய் என்று. நான் பிடித்தது வாளியைப் பார்த்து. வாளி கவிழ்த்து வைக்கிற ஆட்கள் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். விதைநெல்லைக் கொண்டுபோய் அடுத்தவளின் கதவடியில் போடுகிற ஆட்களை எந்தக் கிணற்றடியில் பார்ப்பது? எனக்குத் தெரியாது. அது தண்ணீர் வந்தபின்தான் தெரிந்தது. ஆள் பிடிப்பதில் நான் கெட்டிக்காரி என்று நினைத்திருந்தேன், அந்த வியாழக்கிழமையோடு அது போய்விட்டது. போனதில் எனக்குச் சந்தோசம்தான், ஏன் என்று கேட்காதே.

ஆனால் நான் சொன்ன சொல் பிழை. அதை உனக்கு ஒளிக்கமாட்டேன். அன்றைக்கு நான் ஓம், உடை தம்பி என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் அரை மணித்தியாலத்தில் சாமான்களை உயர்த்தி வைத்திருப்பார்கள், நாலு மூடை நெல்லையும் மேசைக்கு மேல் ஏற்றியிருப்பார்கள். நான் காத்தது ராஜியின் அறையை அல்ல, என் சத்தியத்தை. அதற்கு வேறு இரண்டு பேர் விதைநெல் கொடுத்தார்கள். உன்னிடம் ஒருநாள் அப்படி ஒரு போன் வரும். வெள்ளமாக இராது, வேறு என்னவோவாக இருக்கும். அந்த நேரம் பழைய ஒருத்தியின் முகம் வந்து உன் கண்ணை மறைக்கும். அவளைக் கொஞ்சம் அங்கால நிற்கச் சொல்லிவிட்டு, இப்போது தண்ணீருக்குள் நிற்கிறவரைப் பார்.

நெல்லுக்கு என்ன நடந்தது என்று கேட்கமாட்டாயா? முளைத்த நெல் காத்திருக்காது, ஒரு நாள் இரண்டு நாளில் விதைக்க வேண்டும். அவர்களுடைய வயல் அப்போது வாவியோடு வாவியாகக் கிடந்தது. நாலு மூடையும் பக்கத்து வளவு மாட்டுக்குப் போனது. மலர் ஒரு பிடியை மட்டும் கிணற்றடி ஈரத்தில் எறிந்தாள். குணம் மாடு தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது எனக்குத் தாங்கவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் ஒன்று ஒரு போடியாருடையது, மேட்டு வட்டையில் நிறைய நிலம் உள்ளவர். அவரிடம் போய் நின்றேன். வாடகை பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்து, இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினார். வாடகை இல்லை போடியார், விதைநெல் நாலு மூடை வேண்டும் என்றேன். வீடு பார்க்கிற உனக்கு எதற்கு விதைநெல் என்று சிரித்தார். நடந்ததைச் சொன்னேன். நம்பவில்லை. தானே மோட்டார்சைக்கிளில் வந்து, அந்தக் கதவையும் நிலையில் தொங்குகிற திறப்பையும் பார்த்தார். சுவரில் இருந்த சேற்றுக்கோட்டில் ஒரு விரலை வைத்து, அப்படியே நடந்து கதவு வரைக்கும் வந்தார். குணத்திடம் வயல் எந்தப் பக்கத்துக் கண்டம், எத்தனை நாள் நெல் சரிவரும் என்று இரண்டு வார்த்தை கேட்டார். மறுநாள் உழவு மெசின் பெட்டியில் ஐந்து மூடை வந்தது, மூன்று மாத நெல். நான் நாலுதான் கேட்டேன்.

தண்ணீர் வடிந்து, பிந்தித்தான் விதைத்தார்கள். அதனால் பிந்தித்தான் வெட்டினார்கள். போன கிழமை இரண்டு பேரும் வந்தார்கள், ஒரு மூடையை இந்த வாசலில் இறக்கிவிட்டு, தேத்தண்ணி கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அவித்து, இன்றைக்குத்தான் காயப் போட்டேன். ஓம், அந்த நெல்தான். அதனால்தான் உன்னைச் சுற்றி வரச் சொன்னேன்.

ஏன் திடீரென்று இருட்டுகிறது? பின்னால் கிறுகிப் பார், படுவான்கரைப் பக்கம் கறுத்துவிட்டது. மழை வாவியில் பாதிக்கு வந்துவிட்டது, சத்தம் கேட்கிறதா? கதை பிறகு. எழும்பு வனிதா, அந்தக் கோழியைத் துரத்து, துரத்திவிட்டு வந்து பாயின் மற்றத் தலைப்பைப் பிடி. மெல்லமாக, இரண்டு பேரும் சேர்ந்து தூக்க வேண்டும், ஒரு மணி நெல்லும் நனையக் கூடாது.